ஹம்ஸம் எந்தப் பறவை? பெயரின் பொருளும் பிறப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குத்துவிளக்கின் உச்சியில் உட்கார்ந்திருக்கும். காஞ்சிப் பட்டின் கரையில் வரிசையாக நடக்கும். பிரம்மாவையும் சரஸ்வதியையும் சுமக்கும். ராகத்துக்கும் பெண் குழந்தைக்கும் துறவிக்கும் பெயராக இருக்கும். இத்தனை பழக்கமான பறவையைப் பற்றி "அது உண்மையில் என்ன பறவை?" என்று கேட்டால், "அப்படி ஒன்று இருந்ததாம், இப்போது இல்லை" என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது. இது சரியான பதில் இல்லை. ஹம்ஸம் இருக்கிறது, ஆண்டுதோறும் தமிழ்நாட்டுக்கும் வருகிறது. அதன் பெயரைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

'ஹம்ஸ' என்ற சமஸ்கிருதச் சொல்லுக்கு நேர்ப்பொருள் என்ன?

காட்டு வாத்து. வீட்டில் வளர்க்கும் குட்டைக் கழுத்து வாத்து அல்ல. ஆங்கிலத்தில் 'கூஸ்' என்பார்களே, அந்தப் பெரிய இனம். தமிழில் இன்று 'டக்', 'கூஸ்' இரண்டையுமே வாத்து என்று சொல்லிவிடுகிறோம். குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. 'வாத்து' என்றதும் நம் மனதில் வருவது வயலில் மந்தையாக ஓட்டிப் போகும் சிறிய பறவை. கழுத்து நீண்டு, உடல் கனத்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கும் பறவை வருவதில்லை. இந்தப் பக்கம் முழுவதும் நான் 'பெருவாத்து' என்று எழுதுவது இந்த இரண்டாம் வகையைத்தான்.

ஆண் பறவை ஹம்ஸம், பெண் பறவை ஹம்ஸீ. பெண்ணுக்கு 'வரடா' என்று இன்னொரு பெயரையும் அமரசிம்மர் எழுதிய பழைய சமஸ்கிருத அகராதியான அமரகோசம் தருகிறது.

இந்தப் பெயர் எப்படிப் பிறந்தது?

இந்திய மண்ணில் உருவாகி இங்கேயே நின்ற சொல் அல்ல இது. சமஸ்கிருதமும் ஐரோப்பிய மொழிகள் பலவும் ஒரு பழைய மூதாதை மொழியிலிருந்து கிளைத்தவை என்பது மொழியியலின் அடிப்படைச் செய்திகளில் ஒன்று. அந்த மூதாதை மொழியில் இப்பறவைக்கு இருந்த பெயரை, 'க'வும் 'ஹ'வும் கலந்த ஒலியில் தொடங்கும் 'கன்ஸ்' என்பதாக அறிஞர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். அது போன இடமெல்லாம் கொஞ்சம் மாறியது. ஜெர்மனில் 'கான்ஸ்'. ரஷ்ய மொழியில் 'கூஸ்'. லிதுவேனிய மொழியில் 'ஜாஸிஸ்'. கிரேக்கத்தில் 'கேன்'. லத்தீனில் முன்னால் இருந்த ஹகரம் உதிர்ந்து 'ஆன்ஸர்'. சமஸ்கிருதத்தில் 'ஹம்ஸ'.

ஆங்கிலச் சொல்லிலும் ஒரு காலத்தில் னகரம் இருந்தது. ஸகரத்துக்கு முன்னால் வரும் மூக்கொலியை ஆங்கிலம் விழுங்கிவிட்டு, முன்னால் இருந்த உயிரெழுத்தை நீட்டிக்கொண்டது. சமஸ்கிருத 'தந்த' (பல்) என்பதன் உறவுச் சொல் ஆங்கிலத்தில் 'டூத்' ஆனதும் இதே வழியில்தான். தந்தத்தில் உள்ள னகரம் டூத்தில் இல்லை; ஹம்ஸத்தில் உள்ள மூக்கொலி கூஸில் இல்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்: இத்தனை மொழிகளிலும் அந்தச் சொல் பெரும்பாலும் ஒரே பறவை இனத்தைக் குறிக்கிறது. பழைய ஐரிஷ் போல ஓரிரு மொழிகளில் மட்டும் ஸ்வானுக்குப் போயிருக்கிறது. மற்ற எல்லா இடத்திலும் பெருவாத்துதான். ஹம்ஸம் எது என்ற விவாதத்தில் பெயரே சொல்லும் முதல் சாட்சியம் இது.

'ஹன்' (அடித்தல், கொல்லுதல்) என்ற வேரிலிருந்து வந்தது என்று படித்தேனே?

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள், அது நம் பழைய மரபின் விளக்கம். யாஸ்கர் தம் பழைய சொல்லாராய்ச்சி நூலான நிருக்தத்தில் 'ஹம்ஸங்கள் ஹன் என்ற வினையடியிலிருந்து வந்தவை. அவை வழியை அடிக்கின்றன' என்கிறார். வழியை அடிப்பதென்றால் தொலைதூரம் வேகமாகக் கடப்பது. இலக்கண ஆசிரியர்களிடையே வழங்கிய ஒரு சுலோகமும் உண்டு: எழுத்து ஒன்று கூடுதலாக வந்து சேர்ந்ததால் 'ஹம்ஸ', எழுத்துகள் இடம் மாறியதால் 'ஸிம்ஹ'. அதாவது 'ஹன்' உடன் ஒரு ஸகரம் சேர்ந்து ஹம்ஸம் ஆயிற்று. 'ஹிம்ஸ' என்பது முன்பின்னாகத் திரும்பி ஸிம்ஹம் ஆயிற்று என்பது அவர்கள் கணக்கு.

ஒலி வரலாறு இதற்கு ஒத்துவரவில்லை. 'ஹன்' என்பதன் ஹகரமும் 'ஹம்ஸ' என்பதன் ஹகரமும் சமஸ்கிருதத்துக்கு வந்த பிறகுதான் ஒன்றாயின. மூதாதை மொழியில் அவை வெவ்வேறு ஒலிகள். 'கொல்கிறார்கள்' என்பதற்கு சமஸ்கிருதத்திலேயே 'க்நந்தி' என்று வரும். பழைய ககரம் அங்கே எட்டிப் பார்க்கிறது. லிதுவேனிய மொழி இரண்டையும் இன்றுவரை பிரித்தே வைத்திருக்கிறது. 'ஹன்' என்பதன் உறவுச் சொல் அங்கே ககரத்தில் தொடங்கும், பறவையின் பெயர் ஜகரத்தில் தொடங்கும். ஆகவே இரண்டும் ஒரே வேர் அல்ல.

ஆனாலும் யாஸ்கரைத் தள்ளிவிட மனம் வரவில்லை. சொல்லின் பிறப்பை அவர் தவறவிட்டிருக்கலாம், பறவையைச் சரியாகப் பார்த்திருக்கிறார். 'வழியை அடித்துப் போவது' என்ற வர்ணனை குளத்தில் மிதந்துகொண்டிருக்கும் அலங்காரப் பறவைக்குப் பொருந்தாது. வலசை போகும் பறவைக்குத்தான் பொருந்தும்.

அப்படியானால் ஹம்ஸம் ஸ்வான் இல்லையா? படங்களில் எல்லாம் ஸ்வான்தானே?

படங்களில் ஸ்வான்தான், பாடல்களில் இல்லை. வேத காலத்திலிருந்து வரும் வர்ணனைகளைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

ரிக்வேதத்தில் யாகத் தூண்கள் 'வரிசையாகப் பறக்கும் ஹம்ஸங்களைப் போல' நிற்கின்றன (3.8.9). குதிரைகள் அணிவகுத்து ஓடுவதற்கும் அதே உவமை (1.163.10). ஏழாம் மண்டலத்தில் காற்றுத் தேவர்களான மருத்துகளை 'நீலப்ருஷ்ட' ஹம்ஸங்கள் என்று பாடுகிறார்கள் (7.59.7). கருநீல முதுகுள்ள ஹம்ஸங்கள்! உடல் முழுவதும் தூய வெள்ளையாக இருக்கும் ஸ்வானுக்கு இந்த அடைமொழி எப்படிப் பொருந்தும்?

சாந்தோக்ய உபநிடதத்தில் வரும் கதை இன்னும் அழகானது. ஜானச்ருதி என்ற கொடையாளி அரசனின் வீட்டுக்கு மேலே இரவில் ஹம்ஸங்கள் பறந்து போகின்றன. ஒன்று மற்றொன்றிடம் பேசுகிறது: "ஜானச்ருதியின் ஒளி வானம் வரை பரவியிருக்கிறது, தொட்டுவிடாதே, சுட்டுவிடும்." அதற்கு மற்றது, "வண்டிக்கார ரைக்வரைப் போல இவனைப் பேசுகிறாயே, யார் இவன்?" என்கிறது. கீழே படுத்திருக்கும் அரசன் இதைக் கேட்டுவிட்டு, அந்த ரைக்வரைத் தேட ஆள் அனுப்புகிறான். பறவை பேசுவது கதை. ஆனால் இரவில், கூட்டமாக, ஒன்றுக்கொன்று குரல் கொடுத்துக்கொண்டே வீடுகளுக்கு மேலே பறந்து போவது பெருவாத்துகளின் அன்றாட வழக்கம். இந்தக் கதையைச் சொன்னவர் அந்தக் குரலை இருட்டில் கேட்டுப் பழகியவர் என்றே நான் நம்புகிறேன்.

சிற்பமும் இதையே சொல்கிறது. பீகாரில் லௌரியா நந்தன்கட்டில் உள்ள அசோகர் தூணின் உச்சியில், சிங்கத்துக்குக் கீழே உள்ள வட்டப் பட்டையில் ஹம்ஸ வரிசை இருக்கிறது. இலங்கையின் அனுராதபுரத்தில் வாசற்படியில் பதித்த அரைவட்டமான சந்திரவட்டக் கற்களில், வாயில் தாமரையைக் கவ்விக்கொண்டு ஹம்ஸங்கள் வளையமாக நடக்கின்றன. அவற்றின் உடல்வாகு பெருவாத்தின் உடல்வாகு. நெதர்லாந்து அறிஞர் வோகல் இந்தச் சான்றுகளையெல்லாம் திரட்டி, இந்திய இலக்கியத்திலும் கலையிலும் வரும் ஹம்ஸம் பெருவாத்தே என்று ஒரு நூலே எழுதினார்; அவர் மறைவுக்குப் பின் 1962இல் அது வெளியானது.

கடைசியாக நிலவியல். இந்தியாவில் ஸ்வான் கூடு கட்டுவதில்லை. குளிர்காலத்தில் வடமேற்குப் பக்கம் எப்போதாவது வழிதவறி வந்து சேரும், அவ்வளவுதான். எல்லாப் பொய்கையிலும் எல்லாப் புலவர் கண்ணிலும் பட்ட பறவை அதுவாக இருக்க வழியில்லை.

ஆனால் அமரகோசம் ஹம்ஸத்தை வெள்ளை என்கிறதே?

ஆமாம், 'வெண்சிறகு உடையது' என்பது அமரகோசம் தரும் பெயர்களில் ஒன்று. 'மானஸ ஏரியில் வீடு கொண்டது' என்பது இன்னொன்று. அதோடு அமரசிம்மர் நிற்கவில்லை. அலகும் கால்களும் சிவந்திருந்தால் ராஜஹம்ஸம், அவை அழுக்கு நிறமாக இருந்தால் மல்லிகாக்ஷம், கறுப்பாக இருந்தால் தார்த்தராஷ்ட்ரம் என்று பிரிக்கிறார். கலஹம்ஸம் அல்லது காதம்பம் என்று மற்றொன்றையும் தனியாகச் சொல்கிறார்.

இதிலிருந்து தெரிவது, ஹம்ஸம் என்பது ஒரே ஓர் இனத்தின் பெயராக மட்டும் நிற்கவில்லை என்பதுதான். பெருவாத்து அதன் நடுமையம். அதைச் சுற்றி, தோற்றத்தில் ஒத்த பெரிய வெளிர்நிற நீர்ப்பறவைகள் சிலவும் அந்தப் பெயருக்குள் வந்து ஒதுங்கின. 'ராஜஹம்ஸம்' என்ற பெயரைப் பூநாரைக்குப் பொருத்திப் பார்ப்பவர்களும் உண்டு, ஸ்வானுக்குப் பொருத்துபவர்களும் உண்டு. கவிதை வளர வளர வெள்ளை நிறமும் ஏறிக்கொண்டே போயிற்று. புகழுக்கும் தூய்மைக்கும் வெள்ளைதானே கவி மரபில் நிறம்.

இன்றைய மொழிகளில் பொருள் இன்னும் நகர்ந்துவிட்டது. வங்காளத்தில் 'ஹாஸ்' என்றால் சாதாரண வாத்து, 'ராஜ்ஹாஸ்' என்றால்தான் பெருவாத்து.

அந்தப் பெருவாத்துகளில் எது ஹம்ஸம்?

இரண்டு இனங்களைச் சொல்லலாம். சாம்பல் வாத்து வட இந்தியாவுக்குக் குளிர்காலத்தில் பெரும் எண்ணிக்கையில் வரும். மற்றது பட்டைத்தலை வாத்து. வரித்தலை வாத்து என்றும் எழுதுகிறார்கள். எனக்குக் கேட்டால் இரண்டாவதைத்தான் காட்டுவேன்.

உடல் வெளிர் சாம்பல். தலை வெள்ளை. அந்த வெள்ளையின் மேல் இரண்டு கறுப்புப் பட்டைகள்: ஒன்று பின்னந்தலை வழியாக ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு வளைந்து வரும், மற்றது அதற்குக் கீழே பிடரியில் குட்டையாக இருக்கும். பின்கழுத்து கருமை, அதன் இரு பக்கமும் வெள்ளைக் கோடு இறங்கும். அலகு மஞ்சள் கலந்த ஆரஞ்சு, நுனியில் கறுப்புப் புள்ளி. கால்கள் ஆரஞ்சு. சாயங்கால வெயிலில் பார்த்தால் உடம்பு ஏறக்குறைய வெள்ளையாகத் தெரியும், சிவந்த அலகும் காலும் பளிச்சென்று நிற்கும். அமரகோசத்தின் வரி அப்போது தானாக நினைவுக்கு வரும்.

அது வாழும் இடமும் பொருந்துகிறது. கோடையில் திபெத், மங்கோலியா, லடாக் பகுதிகளின் உயர்ந்த ஏரிகளில் கூடு கட்டுகிறது. லடாக்கின் ஸோ மோரிரி 4,500 மீட்டருக்கு மேலே இருக்கும் ஏரி, அங்கே குஞ்சு பொரிக்கிறது. மானஸரோவரும் அதன் நாடுதான். குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி இந்தியச் சமவெளிக்கு இறங்குகிறது. 'மானஸ ஏரியில் வீடு கொண்டது' என்று அகராதிக்காரர் எழுதியது கற்பனை இல்லை, முகவரி.

காளிதாசர் மேகதூதத்தில் இதைக் கண்ணால் கண்டவர்போலச் சொல்கிறார். மழைக்காலத்து முதல் இடி கேட்டதும் மானஸ ஏரிக்குப் போகும் ஆசை வந்து, தாமரைத் தண்டின் இளந்துண்டுகளை வழிச்சோறாக அலகில் கவ்விக்கொண்டு, கயிலை வரை உனக்குத் துணையாக ராஜஹம்ஸங்கள் வரும் என்று யக்ஷன் மேகத்திடம் சொல்கிறான். வழியில் இமயத்தின் ஒரு கணவாய்க்கு 'ஹம்ஸ வாசல்' என்றே பெயர் தருகிறார்.

கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது, இந்த வாத்துகளில் ஒன்று 7,290 மீட்டர் உயரத்தில் பறந்தது பதிவானது. அந்த உயரத்தில் காற்றில் உயிர்வளி மிகக் குறைவு. அதன் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், சமவெளி வாத்துகளுடையதைவிட இறுக்கமாக உயிர்வளியைப் பிடித்துக்கொள்கிறது, நுரையீரலும் பெரியது. காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும் இரவிலும் அதிகாலையிலும் பறப்பதை அது விரும்புகிறது. ஜானச்ருதி கதை மறுபடி ஞாபகம் வருகிறதா?

அறிவியல் உலகில் அதற்கு இட்ட பெயர் 'ஆன்ஸர் இண்டிகஸ்'. மேலே சொன்ன லத்தீன் 'ஆன்ஸர்' நம் 'ஹம்ஸ'வின் உடன்பிறப்பு. ஆக அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னால் 'இந்திய ஹம்ஸம்'.

பாலையும் நீரையும் பிரிக்கும் என்பது உண்மையா?

எந்தப் பறவையாலும் முடியாது. ஆனால் அந்தக் கருத்து வந்த பாதை சுவாரசியமானது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

சுக்ல யஜுர்வேதத்தின் வாஜஸநேயி சம்ஹிதையில் அடுத்தடுத்த இரண்டு மந்திரங்கள் (19.73, 19.74) இருக்கின்றன. முதலாவதில் நீரிலிருந்து பாலைப் பிரித்துக் குடிப்பது 'க்ருங்', அதாவது கிரௌஞ்சப் பறவை. இரண்டாவதில்தான் ஹம்ஸம் வருகிறது, அது நீரிலிருந்து பிரித்துக் குடிப்பது சோமரசத்தை. பாலைப் பிரிக்கும் திறமை முதலில் வேறொரு பறவையுடையது! பின்னால் வந்த கவிஞர்கள் அதை ஹம்ஸத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பஞ்சதந்திரம் தொடங்கும்போதே, சாரத்தை எடுத்துக்கொண்டு சக்கையை விடு, ஹம்ஸம் நீரின் நடுவிலிருந்து பாலை எடுப்பதுபோல, என்று அறிவுரை வருகிறது.

நம் நாலடியாரை இதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். 'கல்வி கரையில கற்பவர் நாள்சில' என்ற பாட்டு 'நீரொழியப் பாலுண் குருகின் தெரிந்து' என்று முடிகிறது. அன்னம் என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் இடத்தில் அங்கே இருப்பது 'குருகு'. கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளுக்கு வழங்கும் பொதுப்பெயர் அது. உரையாசிரியர்கள் அதை அன்னம் என்று கொள்வார்கள். அந்த யஜுர்வேத மந்திரத்தைப் படித்த பிறகு, குருகு என்ற சொல்லை அவ்வளவு சுலபமாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

இயற்கையில் இதற்கு ஏதாவது அடிப்படை உண்டா என்றால், ஒன்று சொல்லலாம். சமஸ்கிருதத்தில் 'க்ஷீரம்' என்றால் மாட்டுப் பால் மட்டும் இல்லை, செடி கொடிகளில் வடியும் பாலும்தான். தாமரைத் தண்டை ஒடித்தால் வெள்ளையாகப் பால் கசியும். தண்ணீருக்குள் தலையை விட்டுத் தாமரைத் தண்டைக் கடித்துத் தின்னும் பறவை, நீருக்குள் இருந்து 'க்ஷீரம்' குடிக்கத்தானே செய்கிறது? எனக்கு நம்பும்படியாக இருக்கும் விளக்கம் இது.

தமிழ் 'அன்னம்' ஹம்ஸத்திலிருந்து வந்ததா?

ஹம்ஸத்தின் திரிபு என்போரும் உண்டு, தமிழிலேயே பிறந்தது என்போரும் உண்டு. 'அஞ்சம்' என்று பழைய அகராதிகளில் இருக்கும் சொல் ஹம்ஸத்தின் நேரான தமிழ் வடிவம், அதில் சிக்கல் இல்லை. சோற்றைக் குறிக்கும் அன்னம் முற்றிலும் வேறு சொல், அதையும் இதையும் சேர்க்க வேண்டாம். எகினம், ஓதிமம் என்று அன்னத்துக்கு வேறு பெயர்களும் தமிழில் இருக்கின்றன. ஓதிமம் ஒதுங்கி நடப்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வரும் சீதையின் நடையையும் பார்த்து, ராமன் சிறியதாய் ஒரு முறுவல் செய்ததாகக் கம்பர் பாடுவது எவ்வளவு நயமான இடம்!

சொல்லின் பிறப்பைவிட எனக்கு முக்கியமாகப் படுவது புறநானூற்றின் 67ஆம் பாட்டு. பாண்டிய நாட்டில் இருக்கும் பிசிராந்தையார், தான் பார்த்தே இராத நண்பன் கோப்பெருஞ்சோழனுக்குச் சொல்லி அனுப்பும் பாட்டு அது. 'அன்னச் சேவல் அன்னச் சேவல்' என்று ஆண் அன்னத்தை அழைக்கிறார். குமரித் துறையில் அயிரை மீனை உண்டுவிட்டு வடமலைக்குப் போவாயானால், இடையில் சோழ நாட்டில் இறங்கு. உறையூரில் அரண்மனை வாயில்காவலரிடம் நிற்காமல் நேரே உள்ளே போய், 'ஆந்தையின் அடியேன்' என்று சொல். உன் துணைக்கு அணிய நல்ல நகை தருவான் என்கிறார்.

தென்கோடியில் குமரி, வடகோடியில் இமயம், நடுவில் இறங்கி இளைப்பாறும் ஊர். வலசைப் பாதையை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? அயிரை மீன் மட்டும் இடிக்கிறது. பெருவாத்து புல்லும் பயிரும் தின்னும் பறவை. புலவர் அந்த இடத்தில் கடற்கரையின் பொதுவான காட்சியை வைத்திருக்கலாம். பயணத் திசையைப் பொறுத்தவரை அவர் வாக்கு அப்படியே சரி.

பரமஹம்ஸர் என்ற பட்டத்துக்கும் பறவைக்கும் என்ன தொடர்பு?

பழைய நூல்கள் துறவிகளை நான்கு படிகளாகப் பிரிக்கின்றன: குடீசகர், பஹூதகர், ஹம்ஸர், பரமஹம்ஸர். கடைசிப் படியில் இருப்பவருக்கு வீடும் இல்லை, ஊரும் இல்லை. எந்த நீரிலும் தங்கிவிடாமல் போய்க்கொண்டே இருக்கும் வலசைப் பறவையின் பெயர் அவருக்கு வந்தது இயல்புதான். அதற்கும் முன்னால், சுவேதாஸ்வதர உபநிடதம் உயிரையே பிரம்மச் சக்கரத்தில் சுழலும் ஹம்ஸம் என்கிறது.

யோக நூல்கள் சொல்லையே பிரித்து இன்னொரு பொருள் கண்டன. மூச்சு 'ஹ' என்று வெளியே போய் 'ஸ' என்று உள்ளே வருகிறது, ஆகவே ஒவ்வோர் உயிரும் 'ஹம்ஸ ஹம்ஸ' என்று நாளொன்றுக்கு 21,600 முறை தன்னறியாமல் ஜபிக்கிறது. திருப்பிச் சொன்னால் 'ஸோஹம்', 'அவனே நான்'. வாயால் சொல்லாத ஜபம் என்பதால் இதற்கு அஜபை என்று பெயர். திருவாரூரில் தியாகராஜர் ஆடுவது அஜபா நடனம், அதையே ஹம்ஸ நடனம் என்றும் சொல்வார்கள். பெயரின் வரலாற்றுப் பிறப்பு இது அல்ல. ஆனால் இரண்டு எழுத்துக்குள் இவ்வளவு பெரிய தியானத்தைக் கண்டுபிடித்த மனங்களை வணங்கத் தோன்றுகிறது.

வெளிநாடுகளில் இந்தப் பெயர் இருக்கிறதா?

நிறைய. மலாயிலும் இந்தோனேசியாவிலும் பெருவாத்துக்கு 'அங்ஸா', அது நேராக ஹம்ஸம்தான். பிலிப்பைன்ஸில் 'கன்ஸா' என்பார்கள். அது ஸ்பானியரிடமிருந்து வந்த சொல், ஸ்பானியர் அதை ஜெர்மானிய இனத்தாரிடமிருந்து பெற்றார்கள். ஒரே மூதாதைச் சொல்லின் இரண்டு கிளைகள், ஒன்று இந்தியா வழியாகவும் மற்றது ஐரோப்பா வழியாகவும் சுற்றி வந்து, பக்கத்துப் பக்கத்துத் தீவுகளில் குடியேறியிருக்கின்றன.

தாய்லாந்தில் 'ஹோங்'. பர்மாவில் 'ஹின்தா', மோன் மக்களின் பழைய தலைநகரான பகோவுக்கு ஹம்ஸாவதி என்று பெயர், ஆண் பறவையின் முதுகில் பெண் பறவை நிற்கும் உருவம் அந்த ஊரின் சின்னம். அங்கே மக்கள் ஹின்தா என்று அடையாளம் காட்டுவது செந்நிறமான சக்கரவாகம் என்ற வாத்து இனத்தை. பெயர் பயணம் போகும்போது போன ஊரில் கண்ணில் படும் பறவையைப் பிடித்துக்கொள்கிறது.

பின்னே ஸ்வான் எப்படி வந்து சேர்ந்தது?

ஐரோப்பிய மொழிபெயர்ப்பாளர்கள் வழியாகத்தான் பெரும்பாலும். ஆங்கிலத்தில் 'கூஸ்' என்றால் முட்டாள் என்றும் பொருள். தமயந்தியிடம் காதல் தூது வரும் பறவையை, பிரம்மாவின் வாகனத்தை, அந்தச் சொல்லால் பெயர்க்க அவர்களுக்கு மனம் வரவில்லை. 'ஸ்வான்' அவர்கள் கவிதையில் அழகும் மதிப்பும் உள்ள பறவை. அந்தச் சொல் அகராதிகளில் ஏறியது. ரவி வர்மாவின் புகழ்பெற்ற தமயந்தி ஓவியத்தில் தூது வந்த பறவை ஸ்வானாகவே வரையப்பட்டிருக்கிறது. அதன் அச்சுப் படங்களும் காலண்டர்களும் வீடு வீடாகப் போயின. இன்று அன்னம் வரையச் சொன்னால் பள்ளிப் பிள்ளை '2' என்று எழுதித்தான் ஆரம்பிக்கிறது.

எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஸ்வானைத் தேடி, அது இங்கே இல்லை என்று கண்டு, அன்னமே அழிந்துபோயிற்று என்று முடிவு கட்டிவிட்டோம். கதவு வரை வந்து நிற்கும் பறவையை அடையாளம் தெரியாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

அன்னநடை என்கிறார்களே, வாத்து நடையா அழகு?

பெருவாத்து நடப்பதைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். அவசரமே படாது. கழுத்தை நிமிர்த்தி, ஒவ்வொரு அடிக்கும் உடம்பு மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் வரும். மனுஸ்மிருதி நல்ல பெண்ணின் நடைக்கு ஹம்ஸத்தையும் யானையையும் சேர்த்தே சொல்கிறது (3.10). கனமும் நிதானமும் ஆடி அசைவதும்தான் இரண்டுக்கும் பொது. ஸ்வான் தண்ணீரில் அழகு, தரையில் தடுமாறும். நடைக்கு உவமையாக அதை யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள்.

ஹம்ஸத்வனி ராகம் இந்தப் பறவையின் குரலா?

'ஹம்ஸத்தின் ஒலி' என்றுதான் பொருள். முத்துசாமி தீட்சிதரின் தந்தை ராமசாமி தீட்சிதர் உருவாக்கிய ராகம். பறவையின் உண்மையான குரல் மூக்கால் வரும் 'ஆங்... ஆங்...', ராகத்தோடு அதற்குச் சம்பந்தம் கிடையாது.

ஹம்ஸா கைச் சின்னம், ஹம்ஸா என்ற முஸ்லிம் பெயர்?

இரண்டும் அரபு மொழிச் சொற்கள். கை வடிவத் தாயத்தின் பெயர் 'ஐந்து' என்று பொருள்படும் 'கம்ஸா', ஐந்து விரல்களைக் குறிக்கிறது. நபிகள் நாயகத்தின் சிற்றப்பா பெயரான ஹம்ஸாவும் தனியான அரபுப் பெயர். பறவையோடு எதற்கும் உறவில்லை.

தமிழில் 'அம்சம்' என்று எழுதலாமா?

எழுதாமல் இருப்பது நல்லது. 'பங்கு, கூறு' என்று பொருள்படும் இன்னொரு சமஸ்கிருதச் சொல் தமிழில் ஏற்கெனவே 'அம்சம்' ஆகிவிட்டது. 'முக்கிய அம்சம்', 'அம்சமா இருக்கு' என்பதெல்லாம் அதுதான். பறவைக்கு ஹம்ஸம் அல்லது அன்னம் என்று எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது.

ஹம்ஸத்தைத் தமிழ்நாட்டில் எங்கே பார்க்கலாம்?

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரிப் பக்கம் உள்ள கூந்தன்குளத்தில். 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர், இப்போது ராம்சர் தளமும்கூட, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ளதென்று பட்டியலிட்ட ஈரநிலம். ஊர்க்காரர்கள் பறவைகளைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகள்போலப் பாதுகாக்கிறார்கள். வீட்டு வாசல் மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டியிருக்கும். பட்டைத்தலை வாத்துகள் குளிர்காலத்தில் வரும், கோடை தொடங்கும்போது வடக்கே திரும்பிவிடும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை போனால் பார்க்க வாய்ப்பு அதிகம். மழை பொய்த்துக் குளம் வற்றிய ஆண்டில் ஏமாற்றமும் கிடைக்கலாம், ஆகவே கிளம்பும் முன் அங்கே தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

பகலில் அவை நடுக்குளத்திலோ திட்டுகளிலோ ஓய்வெடுக்கும். காலையிலும் மாலையிலும் புல்தரையிலும் அறுவடை முடிந்த வயலிலும் மேய இறங்கும், நடையைப் பார்க்க அந்த நேரம்தான் நல்லது. தொலைநோக்கி கட்டாயம் வேண்டும். கிட்டே போகாதீர்கள், ஒன்று தலையை நிமிர்த்திப் பார்த்தால் கூட்டமே பார்க்கும், இன்னும் இரண்டு அடி வைத்தால் பறந்துவிடும். பின்னந்தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள் தெரிந்தால் நீங்கள் பார்ப்பது ஹம்ஸம்.